எறும்பு மாளிகை

எறும்பைக் காணாதவர் உலகில் இலர்; எறும்பின் வாழ்க்கையைக் கண்டவரோ மிகச் சிலர். முற்றத்திலும் சுவரோரத்திலும் சாரைசாரையாக ஊர்ந்து செல்பவை அவ்வினத்தின் ஒரு பகுதியே. இரை தேடும் பொருட்டு அவை வெளியே வருகின்றன. தேடியது கிடைத்ததும் ஒரு சிறு துளையினுள் நுழைந்து மறைந்துவிடுகின்றன. முட்டைகளைப் பேணுதல், புழுக்களுக்கு உணவூட்டுதல், அரசியைச் சூழ்ந்து நிற்றல், அறைகளைக் குடைதல், குப்பையை அகற்றுதல் ஆகிய செயல்கள் எல்லாம் அத்துளைக்கு அப்பால், மண்ணுக்கு அடியில், பேரிருளில் நிகழ்கின்றன. அவற்றைக் காண விரும்பும் ஒருவன் மண்வெட்டியை எடுத்துப் புற்றைத் தோண்டினால் காண்பது யாது? அறைகள் இடிகின்றன, வழிகள் தூர்கின்றன, எறும்புகள் தம் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு திசை தெரியாது ஓடுகின்றன. ஒரு வீட்டார் வாழும் முறையை அறிவதற்கு அவ்வீட்டின் கூரையைப் பிரித்துப் பார்த்தவன் நிலைதான் அவனுடையது.

ஆதலின் எறும்பை அறிய விழைந்தோர் வேறு வழியை நாடினர். எறும்பின் வீட்டினுள் மனிதன் புக இயலாது. மனிதனுடைய வீட்டினுள் எறும்புக்கு ஒரு மனை அமைத்தல் இயலும். தேனீக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற பார்வையற்ற அறிஞர் பிரான்சுவா ஹூபர் என்பாரின் மைந்தர் பியர் ஹூபர், ஜெனீவா நகரில் கண்ணாடி பதித்த மரக்கூட்டில் எறும்புகளைக் குடியேற்றி, தாம் கண்டவற்றை 1810-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். எனினும் எறும்பு மனையைச் செம்மைப்படுத்தி, அதனைத் தம் வீட்டு அறையிலேயே ஆண்டுக்கணக்கில் காத்துப் பயன்கண்டவர் இங்கிலாந்து நாட்டுச் சர் ஜான் லப்பக் ஆவார்.

லப்பக் 1834-இல் பிறந்தவர். தொழிலால் அவர் வங்கியாளர். பின்னர்ப் பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். இங்கிலாந்தில் வங்கி ஊழியர்க்கு விடுமுறை நாட்களை வழங்கிய 1871-ஆம் ஆண்டுச் சட்டமும், பழஞ்சின்னங்களைக் காக்கும் 1882-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் முயற்சியால் நிறைவேறியவை. அவர் சிறுவராய் இருந்தபோது ஒருநாள் தந்தையார் மிக நல்ல செய்தி ஒன்று இருப்பதாகக் கூறினாராம். தமக்கு ஒரு மட்டக்குதிரை வாங்கித் தரப்போகின்றார் என்று மகன் மகிழ்ந்தான். செய்தி அதுவன்று, சார்லஸ் டார்வின் என்னும் அறிஞர் அண்டையிலுள்ள டவுன் என்னும் சிற்றூரில் குடியேற வருகின்றார் என்பதே. சிறுவனுக்குப் பெருத்த ஏமாற்றம். ஆயினும் அவ்வறிஞரின் நட்பே அவனை இயற்கையாராய்ச்சியில் ஈடுபடுத்தியது. குதிரை கிடைத்திருப்பின் ஊருக்கு மற்றுமொரு குதிரைவீரன் கிடைத்திருப்பான்.

லப்பக்கின் எறும்பு மனை மிக எளியது. சாளரங்களுக்கு இடும் சாதாரணக் கண்ணாடித் தகடுகள் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அங்குலச் சதுரம். அவற்றின் விளிம்பைச் சுற்றி மெல்லிய மரச்சட்டங்கள். இரு தகடுகளுக்கும் இடையே 1/10 அங்குலம் முதல் 1/4 அங்குலம் வரை இடைவெளி. அவ்விடைவெளியில் நுண்ணிய மண் நிரப்பப்படும். எறும்புகள் வந்து போவதற்கு ஒரு வாயில் விடப்படும். அவ்வளவே. கொல்லனும் தச்சனும் கூடிச் செய்யவேண்டிய கருவி எதுவும் இதில் இல்லை. கைத்திறன் சிறிது உள்ள எவரும் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.

ஆயினும் அவ்விடைவெளியின் அளவே இம்மனையின் உயிர்நாடி. மண் தடிப்பாக இருந்தால், எறும்புகள் கண்ணாடியை விட்டு விலகி நடுவே அறைகளைக் குடைந்துகொள்ளும்; பார்ப்போர் கண்ணுக்கு மண்ணைத் தவிர வேறொன்றும் புலப்படாது. மிக மெலிதாக இருந்தால், அவற்றுக்கு நடமாட இடமில்லை. எறும்பு நிமிர்ந்து நடப்பதற்கு வேண்டிய உயரமே இருக்குமாயின், அது குடையும் ஒவ்வோர் அறைக்கும் கண்ணாடியே கூரையாக அமைந்துவிடும். அந்தச் சிறு உயரத்தை அளந்து தருவது மரச்சட்டம். சிற்றெறும்புக்கு மெல்லிய சட்டமும் பெரிய எறும்புக்குத் தடித்த சட்டமும் வைத்தால் போதும்.

இனி, கண்ணாடிக்கூரை இட்ட வீட்டில் வெளிச்சம் புகும். எறும்போ குடியிருக்கும் இடத்தில் ஒளியை விரும்பாது. எனவே மனையின்மீது ஒளி புகாத மூடி ஒன்று எப்போதும் இருக்கவேண்டும். மூடியை எடுத்தவுடன் எறும்புகள் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தூக்கிக்கொண்டு இருண்ட மூலைகளை நாடும். காண்பவன் அந்தச் சில கணங்களுக்குள் காணவேண்டியதைக் கண்டு, மூடியை மீண்டும் வைத்துவிடவேண்டும். மாணவர் சிலர் எறும்பு வளர்க்கத் தொடங்கி, நாளுக்கு நூறு முறை மூடியைத் தூக்கிப் பார்த்து, எறும்புகள் ஒரு வேலையும் செய்யவில்லை என்று குறைகூறுவர். நாளெல்லாம் கூரை பறிபோகும் வீட்டில் எவர்தாம் வேலை செய்வர்!

மனையை அமைத்தாயிற்று, எறும்புகள் அதை விட்டுத் தப்பியோடாமல் காப்பது எங்ஙனம்? லப்பக் முதலில் கோட்டைக்கு அகழி அமைப்பது போலத் தம் மனைகளைச் சுற்றி நீர் நிற்கச் செய்தார். கம்பம் ஒன்றை நாட்டி, அதில் தட்டுகளைப் பொருத்தி, தட்டுகளின்மேல் மனைகளை வைத்து, கம்பத்தின் அடியில் நீர் நிறுத்தினார். ஆயின் கோடைக்காலத்தில் நீர் வற்றிக்கொண்டே இருந்தது, ஓயாது ஊற்றவேண்டியதாயிற்று. அப்போது செடிகளின் தண்டில் உள்ள மயிர்கள் எறும்புகள் பூவை அடையாமல் தடுக்கின்றன என்று கெர்னர் என்னும் தாவர அறிஞர் கூறியது அவர் நினைவுக்கு வந்தது. மென்மயிர்த் தோலைப் பட்டைகளாக வெட்டி, மயிர் கீழ்நோக்கி இருக்குமாறு சுற்றிக் கட்டினார். செடி தன் தேனைக் காக்கக் கையாண்ட சூழ்ச்சியை மனிதன் தன் எறும்பைக் காக்கக் கையாண்டான்.

இங்கே மரத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். எறும்பு மனைக்கு ஈரம் இன்றியமையாதது. ஈரம் குன்றினால் புழுக்கள் வாடி இறக்கும். ஆனால் மரத்துக்கு ஈரம் பகை. நனைந்த சட்டம் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இவ்வாறு உப்பியும் சுருங்கியும் வரும் சட்டம் நாளடைவில் கோணி, கண்ணாடிக்கும் தனக்கும் இடையே ஒரு மயிரிழை வழியைத் திறந்துவிடும். சிற்றெறும்புக்கு அந்த மயிரிழையே இராசபாட்டை. ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த இடத்தில் பூஞ்சணமும் பூக்கும். ஆகையால் மரமனை வைத்திருப்போர் மனை முழுவதையும் நனைத்துவிடாது, ஒரு பக்கத்து மண்ணுக்கு மட்டும் நீர் காட்டி, மறுபக்கத்தை உலரவிடுவர். எறும்புகள் தமக்கு வேண்டிய ஈரத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும்; புழுக்களை ஓரிடத்திலும் கூட்டுப்புழுக்களை வேறோரிடத்திலும் பிரித்து அடுக்கிவைக்கும். மணமும் பிசினும் மிக்க மரங்களை அவர்கள் விலக்குவர். அவற்றின் எண்ணெய் எறும்புக்கு ஒவ்வாது.

மற்றோர் இடரும் உண்டு. எறும்புகளுள் தச்செறும்பு என ஒரு வகை உண்டு. அது மரத்தையே குடைந்து மனை கொள்வது. கறையான் மரத்தைத் தின்னும், தச்செறும்பு தின்பதில்லை. தாடையால் மரத்தைத் துருவித் துருவி, அத்தூளை வெளியே கொண்டுவந்து கொட்டும். தமிழ்நாட்டில் கட்டெறும்பு எனப்படுவதும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது பெரும்பாலும் மரத்தடி மண்ணில் குடியிருக்கும். மரங்குடையும் வகையை மரச்சட்டத்துள் அடைத்தவன், ஒருநாள் காலையில் சட்டத்தின் அடியில் மரத்தூள் குவிந்திருப்பதைக் காண்பான். அவன் தந்த சுவரையே அறையாக்கிக்கொண்டன அவை! குறை எறும்பிடத்தில் இல்லை. லப்பக் வளர்த்தவற்றுள் பெரும்பாலானவை மண்ணில் குடைந்து வாழ்பவை. ஆதலின் அவருடைய சட்டங்கள் பிழைத்தன. ஓக் மரத்தின் உலர்ந்த கொட்டை ஒன்றினுள் ஒரு குடி முழுவதும் அடங்கி வாழும் சிற்றெறும்புகளும் ஐரோப்பாவில் உண்டு. அவற்றுக்கு இரண்டங்குல மரத்துண்டில் குடைந்த ஒரு குழியே பேரரண்மனை. இன்ன எறும்புக்கு இன்ன மனை என்று தேர்வதே எறும்பு வளர்க்கும் கலையில் பாதி.

இவ்வெளிய மனைகளால் அறியப்பெற்றவை எளியவை அல்ல. மனையை மூடிய மூடியே ஓர் ஆராய்ச்சிக்குக் கருவியாயிற்று. ஒளி புகாத மூடிக்கு மாறாகச் சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா ஆகிய நிறக் கண்ணாடிகளை லப்பக் மனையின்மேல் அருகருகே வைத்தார். அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒதுங்கிய எறும்புகளைப் பன்முறை எண்ணினார். கூட்டிப் பார்த்தபோது சிவப்பின்கீழ் 890, பச்சையின்கீழ் 544, மஞ்சளின்கீழ் 495 என வந்தன. ஊதாவின்கீழ் வந்தவை 5 மட்டுமே! மனிதர் கண்ணுக்கு ஊதாக் கண்ணாடி மிகவும் இருண்டது. எறும்புக்கோ அது பட்டப்பகல். பின்னர் அவர் முப்பட்டகத்தால் பிரிந்த ஒளியை மனையின்மேல் விழச் செய்தார். மனிதர் கண்ணுக்கு ஒளியே இல்லாத, ஊதாவுக்கு அப்பாலுள்ள பகுதியிலிருந்தும் எறும்புகள் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு அகன்றன. மனிதன் காணாத கதிர்களை எறும்பு காண்கின்றது என்பது இங்ஙனம் தெளிவாயிற்று. இன்றும் எறும்பு வளர்ப்போர் பலர் சிவப்புத் தாளால் மனையை மூடிவைத்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

அகழியும் ஆராய்ச்சிக்கு உதவியது. ஒரு குடியின் எறும்புகள் தம்மவரை எவ்வாறு அறிகின்றன என்பது வினா. ஏதேனும் அடையாளச் சைகையால் அறிகின்றன என்றால், மயங்கிக் கிடக்கும் எறும்பு சைகை காட்ட இயலாது அன்றோ? லப்பக் சில எறும்புகளுக்கு மது ஊட்டி மயங்கச் செய்தார். அவற்றுள் சில அக்குடியைச் சேர்ந்தவை, சில அயற்குடியினவை. நிறச்சாந்தால் அடையாளமிட்டு, நீர் சூழ்ந்த இடத்தில் அவற்றைக் கிடத்தினார். வழியே வந்த எறும்புகள் முதலில் திகைத்தன. அவற்றைத் தூக்கின, சிறிது நேரம் தடுமாறின. பின்னர் அயலாரைப் பெரும்பாலும் நீர்விளிம்புக்குக் கொண்டுசென்று உள்ளே தள்ளின. தம்மவரைப் பெரும்பாலும் மனைக்குத் தூக்கிச் சென்றன. கடவுச்சொல்லோ சைகையோ இன்றியே உறவு விளங்கிவிடுகின்றது. உடலில் படிந்துள்ள மணத்தால் எறும்புகள் தம்மவரை அறிகின்றன என்பது பிற்காலத்தில் உறுதிப்பட்டது.

எறும்பின் ஒற்றுமையைப் புகழ்வோர் அடுத்து வரும் செய்தியைக் கேட்டுச் சற்றுத் தயங்குவர். எறும்புகள் தேனுக்குச் சென்றுவரும் பாதையின் அருகே, அக்குடியைச் சேர்ந்த சிலவற்றை லப்பக் மண்ணில் புதைத்து வைத்தார். தோழர்கள் அவ்வழியே வந்தன, போயின. தோண்டி மீட்க முயலவில்லை. தேனில் ஒட்டிக்கொண்டு தவித்தவற்றையும் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. மெல்லிய துணியால் வாய்கட்டிய புட்டிகளில் தம்மவரையும் அயலாரையும் தனித்தனியே அடைத்து மனையருகே வைத்தபோது, தம்மவர் இருந்த புட்டியை எறும்புகள் நாடவே இல்லை. அயலார் இருந்த புட்டியைச் சூழ்ந்துகொண்டு, துணியின் வழியே கடிக்க முயன்றன. அன்பினும் பகையே அவற்றை மிகுதியாக இயக்குகின்றது என்று எண்ணத் தோன்றும்.

ஆயினும் லப்பக் அவ்வளவில் முடிவு கட்டிவிடவில்லை. அவருடைய மனை ஒன்றில் பிறவியிலேயே உணர்கொம்பு இல்லாத எறும்பு ஒன்று இருந்தது. எறும்புக்கு உணர்கொம்பு இல்லாமை மனிதனுக்குக் கண்ணும் மூக்கும் ஒருங்கே இல்லாமை போன்றது. அது ஒருநாள் எவ்வாறோ மனைக்கு வெளியே வந்து, வேற்றின எறும்புகளால் தாக்குண்டு திகைத்துக் கிடந்தது. அவ்வழியே வந்த தோழி எறும்பு ஒன்று அதனைக் கவனமாகச் சோதித்து, மெல்ல எடுத்து, மனைக்குத் தூக்கிச் சென்றது. அக்காட்சியைக் கண்டவர் எவரும் எறும்புக்கு இரக்கம் இல்லை என்று கூறத் துணியார் என்னும் கருத்துப்பட லப்பக் எழுதினார். புதையுண்ட தோழரைக் கைவிட்டதையும் எழுதினார். ஊனமுற்ற தோழியைக் காத்ததையும் எழுதினார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கவில்லை. அவர் செய்த மனைகளினும் இந்நேர்மை அரிது.

குளிர்காலத்தில் கண்ட காட்சியொன்று மிக இனியது. செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் அசுவினிப் பூச்சியின் உடலிலிருந்து இனிய நீர் கசியும். எறும்புகள் அதனை விரும்பி உண்ணும். அப்பூச்சிகளை அவை மாடுகளைப் போலப் பேணுவது முன்னரே அறியப்பட்டதுதான். மஞ்சள் எறும்புகளின் மனையில், அக்டோபர்த் திங்களில், கருநிறமான சில முட்டைகள் இருப்பதை லப்பக் கண்டார். அவை எறும்பின் முட்டைகள் அல்ல, அசுவினியின் முட்டைகள். எறும்புகளுக்கு அப்போதைக்கு அவற்றால் பயன் ஏதுமில்லை. வெளியில் விட்டால் குளிராலும் பகையாலும் அழிந்துபோகும் என்று அறிந்தவை போல, அவற்றைத் தம் மனைக்குள் வைத்துக் குளிர்காலம் முழுவதும் காத்தன. மார்ச்சுத் திங்களில் குஞ்சுகள் வெளிப்பட்டதும் அவற்றை வெளியே கொண்டுபோய், டெய்சி என்னும் சிறு செடியின் இளந்தளிர்களில் விட்டன. உழவன் விதைநெல்லைக் காப்பதைப் போன்ற இச்செயலை எந்தப் புற்றைத் தோண்டியும் எளிதில் அறிந்திருக்க முடியாது. ஆறு திங்கள் ஒரே மனையைக் கலைக்காது பார்த்தவனுக்கே இது கிட்டும்.

மனை சிறுத்துவிட்டாலும் பழுதுபட்டாலும் எறும்புகளைப் புதுமனைக்கு மாற்றவேண்டும். அது மிக இடர்ப்பாடான வேலை. ஒருமுறை அவ்வாறு மாற்றும்போது மஞ்சள் எறும்பின் அரசி ஒன்று நசுங்கி இறந்துவிட்டது. இறந்த வேலைக்கார எறும்புகளை வெளியே இழுத்துப் போடுவது அவற்றின் வழக்கம். அரசியை அவை அங்ஙனம் செய்யவில்லை. புதுமனைக்குச் செல்லும்போது அவ்வுடலையும் தூக்கிச் சென்றன. பின்னர் அதனினும் பெரிய மனை ஒன்று கொடுக்கப்பட்டபோது அங்கும் கொண்டுசென்றன. உயிரோடிருக்கும் அரசியைச் சூழ்வது போலவே வாரக்கணக்கில் அதனைச் சூழ்ந்து நின்றன.

தாம் கண்டவற்றையெல்லாம் லப்பக் தொகுத்து, எறும்புகள், தேனீக்கள், குளவிகள் பற்றிய நூலாக 1882-இல் வெளியிட்டார். அதன்பின் மனை அமைப்புப் பலவாறு மாறியது. பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்லஸ் ஜானே மரத்தை விடுத்துச் சுண்ணச்சாந்துக் கட்டிகளில் அறைகளைக் குடைந்தார். ஒரு முனையில் நீர்த்தொட்டி வைத்து, ஈரம் படிப்படியாகக் குறையுமாறு செய்தார். சீன நாட்டில் சமயத் தொண்டாற்றித் திரும்பிய அமெரிக்கப் பெண்மணி அடீல் ஃபீல்டு முழுவதும் கண்ணாடியாலேயே மனை அமைத்தார். ஈரத்தால் கோணாத பொருள்களை நாடியதால் ஆராய்ச்சிச் சாலைகளில் மரத்தின் ஆட்சி குன்றியது. 1956-இல் அமெரிக்காவில் மில்டன் லெவைன் என்பவர் நெகிழியால் செய்த எறும்புப் பண்ணையை விளையாட்டுப் பொருளாக விற்கத் தொடங்கினார். அது இலட்சக்கணக்கான சிறுவர் கைக்குச் சென்றது. ஆனால் அதனுள் விடப்பட்டவை வேலைக்கார எறும்புகள் மட்டுமே, அரசி இல்லை. அரசி இல்லாத குடியில் முட்டை பொரித்து வேலைக்காரர் பெருகுவதில்லை. சில திங்களில் ஒவ்வொன்றாக எறும்புகள் இறந்து, வெறுங்கூடு மிஞ்சும். வெயிலில் மின்னும் அக்கூட்டினும், லப்பக்கின் மண்படிந்த மரச்சட்டமே எறும்புக்கு வீடாக இருந்தது.

அச்சட்டங்களுள் ஒன்றில் 1874-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் குடியேற்றிய கறுப்பு எறும்பின் அரசிகள் இரண்டு இருந்தன. எறும்பின் ஆயுள் ஓராண்டே என்று அறிஞர்களும் எண்ணியிருந்த காலம் அது. ஓராண்டு கழிந்தது, அரசிகள் இருந்தன. ஐந்தாண்டு கழிந்தது, அப்போதும் இருந்தன. அவற்றுள் ஒன்று 1887-இல் இறந்தது. மற்றொன்று 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை உயிர்வாழ்ந்தது. பின்னாளில் ஐரோப்பாவில் வளர்க்கப்பட்ட வேறொரு வகை எறும்பின் அரசி 28 ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்ததாகப் பதிவாகியுள்ளது. லப்பக்கின் அரசிக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. அதுகாறும் அம்மனைக்கு நீர் வார்த்து, தேன் வைத்து, மூடியைத் திறந்து மூடிவந்த அவருக்கு 54 வயது ஆகியிருந்தது.